முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு

ஜன்னலோரம் விட்டுக் குடுத்தீங்க, நல்லா இருப்பீங்கக்கா. வாந்தி வரும்னு சொன்னதும் மறுபேச்சு இல்லாம நகர்ந்துட்டீங்க. கவர் வேண்டாம்ங்க, உள்ளயே வெச்சுக்குங்க. பஸ்ஸுல எனக்கு வாந்தி வராது. கார்லதான் வரும்.

அப்புறம் எதுக்கு ஜன்னல் கேட்டேன்னு பாக்கறீங்க. சிரிக்கக் கூடாது. அதோ, பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு செகப்புக் கார் வருது பாருங்க, பழைய மாருதி, ஒரு லைட் மங்கலா ஒரு லைட் பளிச்சுன்னு. அது எங்க காருங்க. ஓட்டிட்டு வர்றது எங்க வீட்டுக்காரரு.

ஆமாங்க, அவரு கார்ல, நானும் பாப்பாவும் பஸ்ஸுல. சண்டை ஒண்ணும் இல்ல. எங்களுக்குள்ள சண்டையே வராதுங்க. எனக்குப் பேச வராது, அவருக்குக் கத்த வராது, அப்புறம் எங்கேர்ந்து சண்டை? கிணத்துக்கடவுல எங்கண்ணன் குழந்தைக்கு இன்னைக்குக் காது குத்து. அத்தை முறைக்கு நானும் சீரு வெக்கணும், எங்க சொந்தம் பூரா வரும். புருசன் கார்ல வந்து எறங்கி, பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்து வந்தா என்ன பேசுவாங்க? அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு. ஒத்தக்கால்மண்டபம் வரைக்கும் நான் பஸ்ஸுல வந்துடறது, அங்க எறங்கி அவருகூட கார்ல ஏறிக்கறது, கோயில் வாசல்ல ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கறது. அங்கேர்ந்து கொஞ்ச தூரம்தானே, பல்லைக் கடிச்சுட்டு உக்காந்துக்கன்னாரு. சரின்னுட்டேன். டிக்கெட்டும் ஒத்தக்கால்மண்டபத்துக்குத்தான் எடுத்திருக்கேன். அவரு கெஞ்சிக் கேட்டா எனக்கு மறுக்கத் தெரியாதுங்க.

பாப்பா, கையை வெளிய நீட்டாத கண்ணு. அந்தக் கையை நீட்டவே நீட்டாத. பவிஷ்கான்னு பேருங்க, அவரு வெச்ச பேரு. எனக்கே முதல்ல வாயில நுழையல.

அவரு பம்ப்செட் கம்பெனில வேலைங்க. சீட்டாட்டம் கிடையாது, தண்ணி கிடையாது. காருதான். மத்தவங்க புருசன் எல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா எங்க விழுந்து கிடக்கறாங்கன்னு தேடணும், எனக்கு அந்தத் தொல்லை இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா இவரு மைதானத்துல இருப்பாரு. ஆட்டோகிராஸுன்னு ஒரு போட்டிங்க. பேரைக் கேட்டு பயந்துடாதீங்க, ரோட்டுல ஓட்டறது இல்ல. தார் போட்ட ஒரு பெரிய மைதானத்துல வளைச்சு வளைச்சு கூம்பு நிறுத்தியிருப்பாங்க, ரோடு வேலை நடக்கற எடத்துல வெப்பாங்களே, அந்த மாதிரி. ஒரு தடவைக்கு ஒரு காருதான் விடுவாங்க. கூம்பைத் தட்டாம வளைஞ்சு போய் யாரு சீக்கிரம் திரும்பி வர்றாங்களோ அவங்களுக்குக் கப்பு. ஒருத்தர்மேல ஒருத்தர் மோதறதுக்கு வழியே இல்ல. ரொம்பப் பாதுகாப்பான ஆட்டம்னு எங்கப்பாகிட்டயே அவருதான் எடுத்துச் சொன்னாரு.

பணக்காரங்க ரேசுக்குன்னே தனியா கார் வெச்சிருப்பாங்க, லாரில ஏத்திட்டு வருவாங்க. எங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதுலதான் கேஸ் சிலிண்டர் வரும், இதுலதான் பாப்பாவுக்கு ஊசி போடப் போவோம், ஞாயித்துக்கிழமை இதுதான் ரேஸ் கார்.

எவ்வளவு பொறுப்பா வெச்சிருப்பாருங்கறீங்க. தெனமும் காலைல டயர்ல காத்து அளந்து பாப்பாரு. மைதானத்துல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் எறங்கி டயர்மேல உள்ளங்கையை வெச்சுப் பாப்பாரு, சூடு ஏறியிருக்கான்னு. நான் பாப்பாவுக்குக் காய்ச்சல்னா நெத்தியில வெச்சுப் பாக்கற மாதிரியே இருக்கும். பாப்பாவுக்குப் பாக்க அவருக்குத் தெரியாதுங்க, எப்பவும் சுடலையேம்பாரு. டயருக்குச் சரியா சொல்லிடுவாரு.

பாரம் கொறையணும்னு ரேஸுக்கு முந்தின நாள் முன்சீட்டைக் கழட்டிடுவாரு. ஓட்டறவரு பக்கத்து சீட்டு. ஸ்டெப்னி டயரையும் எறக்கிடுவாரு. முதல்ல எல்லாம் திங்கக்கிழமை திரும்ப மாட்டுவாரு. அப்புறம் மாசத்துக்கு ரெண்டு போட்டின்னு ஆனதும் எதுக்கு வீணா மாட்டிக் கழட்டிட்டுன்னு அப்படியே விட்டுட்டாரு. அந்த சீட்டு எங்க வீட்டு ஹால்லதான் கிடக்கும். நல்ல சீட்டுங்க. வீட்டுக்கு யாரு வந்தாலும் அதுலதான் உக்காருவாங்க. பாப்பா அதுல உக்காந்து டீவி பாக்கும், பெல்ட்டு எங்கம்மான்னு கேக்கும். நானும் மத்தியானம் வேலை முடிஞ்சு அதுல சாஞ்சுக்குவேன். அதுல உக்காந்தா எனக்கு வாந்தி வரல பாருங்க. ஆச்சரியம்தான்.

முன்சீட்டு இல்லாததால எங்க போனாலும் நானும் பாப்பாவும் பின்னாடிதான். காத்து நல்லா வரும். முன்னாடி காலியா இருக்குமா, கால் நீட்டிக்கலாம்.

இந்த ஆடி மாசம்தான் டயர் மாத்தணும்னு ஆச்சு. நாலும் தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிடுச்சு. சுந்தராபுரத்துல சம்பத் அண்ணன் டயர் கடை, அங்க எங்களையும் கூட்டிட்டுப் போனாரு. எனக்கும் பாப்பாவுக்கும் சேர் போட்டு டீ வாங்கிக் குடுத்தாங்க. இவரு ஒவ்வொரு டயரா உருட்டிட்டு வரச் சொல்லி ரப்பர்ல நகத்தை அழுத்தி அழுத்திப் பாத்தாரு. நாம தக்காளி பாக்கறமே, அந்த மாதிரி. நகம் பதிஞ்சா அது மெத்து டயராம். மெத்துன்னா தரையைக் கவ்விப் புடிக்குமாம், ஆனா சீக்கிரம் கரைஞ்சு போயிடுமாம். நகம் பதியலைன்னா கல்லு டயரு. வருசக்கணக்கா ஓடும், ஆனா கூம்புகிட்ட வளைக்கறப்போ வழுக்கிட்டு நேராப் போயிடுமாம். எனக்கு எட்டாவதுக்கு மேல படிப்பு இல்லைங்க, ஆனா இதெல்லாம் கேட்டுக் கேட்டு மனசுல நின்னுபோச்சு.

சம்பத் அண்ணன் பொறுமையா நின்னு பாத்துட்டு, “வண்டி எதுக்கு குணா? ரேசுக்கா, வீட்டுக்கா?”ன்னாரு.

இவரு, “ரெண்டுக்கும்தாண்ணா.”

“ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒரு டயரை எவனும் இன்னும் செய்யல. ஒண்ணை முடிவு பண்ணிக்க.”

இவரு பர்ஸைத் திறந்து எண்ணிப் பாத்தாரு. நாலு டயரும் வாங்கற நெலமை இல்ல. கடைசில மெத்து டயர் ரெண்டு மட்டும் எடுத்துக்கறேன், முன்னாடி போட்டுருங்கன்னாரு. சம்பத் அண்ணன் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டாரு. ரெண்டுதான் போடறதுன்னா பின்னாடி போடுப்பா, ஊரு உலகத்துல அதுதான் முறை, மழையில பின்னாடி புடிப்பு இல்லைன்னா வண்டி திரும்பிடும்னாரு.

“திரும்பட்டும்ணா,”ன்னு இவரு சிரிச்சாரு. “எனக்கு அதானே வேணும்.”

நிசமாவே அதான் அவருக்கு வேணுமாம். அதுக்கும் ஒரு கணக்கு இருக்குதுங்க. முன்னாடி டயரு கவ்விப் புடிச்சுக்கணும், பின்னாடி டயரு வழுக்கணும். அப்பத்தான் கூம்புகிட்ட போய் ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டினா பின்பக்கம் தானா வீசிட்டு வரும். வால் வீசறதும்பாங்க. வால் நல்லா வீசினாத்தான் நேரம் மிச்சமாகும். தேஞ்ச டயரைப் பின்னாடி போட்டு, அதுல காத்தையும் இறுக்கமா அடிச்சுட்டா இன்னும் நல்லா வீசுமாம். சம்பத் அண்ணன் என்னையும் பாப்பாவையும் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. நான் டீ கிளாஸைப் பாத்துக்கிட்டேன். ஆம்பளைங்க வண்டி பேசறப்போ நான் என்னத்தச் சொல்றது?

ஆனா ஒண்ணு சொல்லணும், அவரு கணக்கு தப்பாகல. ஐப்பசி பொறந்து வந்த முதல் போட்டில கப்பு வாங்கிட்டாரு. ரெண்டாவது பரிசுங்க, லாரில கார் கொண்டாந்தவங்களை எல்லாம் முந்திட்டாரு. நான் பாப்பாவைத் தூக்கி வெச்சுட்டு கயித்துக்கு வெளிய நின்னு பாத்தேன். ஒவ்வொரு கூம்புகிட்டயும் கார் வால் வீசறதைப் பாக்கணுமே, பொம்பளைப் பிள்ளை பாவாடையைச் சுத்தற மாதிரி. பாப்பா கையைத் தட்டி கார் சுத்துது கார் சுத்துதுன்னு சிரிச்சா. எல்லாரும் அவரைத் தூக்கி போட்டோ எடுத்தாங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த முகம் அப்படி இல்லைங்க.

அந்தச் சந்தோசத்துல பின் டயர்ல காத்தைக் கொறைக்க மறந்துட்டாரு. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? வீட்டுக்குக் கிளம்பறப்பவே வானம் கட்டிட்டு வந்துச்சு. பாதி வழியில நல்ல மழை. பாப்பா பின்சீட்டுல படுத்துத் தூங்கறா, தலை இடது பக்கக் கதவுகிட்ட, காலு என் மடியில. அவரு பாட்டைப் போட்டுட்டு மெதுவாத்தான் ஓட்டினாரு. வேகமே இல்லைங்க, அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன். ஒரு வளைவு, சாதாரண வளைவு, ஸ்டியரிங்கை லேசா ஒடிச்சாரு. முதுகுக்குப் பின்னாடி யாரோ காரைப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. முன்னாடி பாத்துட்டுப் போன கார் வந்த வழியைப் பாக்குது. அப்படியே பின்பக்கமா வழுக்கிட்டுப் போய் மைல்கல்லுல இடது பக்கம் மோதி நின்னுச்சு.

மழைதாங்க காரணம். மழை பெய்யாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

அவரு உடனே எறங்கி ஓடி வந்தாரு. மழையில நனைஞ்சுட்டே பின்பக்கம் வந்து குனிஞ்சாரு. கதவைத் திறக்கத்தான் குனியறாருன்னு நான் பாப்பாவைத் தூக்கிக் குடுக்கறதுக்கு நிமிர்ந்தேன். அவரு டயரைப் பாத்துட்டிருந்தாரு. டயரு வெடிச்சிருந்தா பெரிய ஆபத்துங்களே, அதான் முதல்ல அதைப் பாத்திருப்பாரு. கையை வெச்சுக்கூடப் பாத்தாரு. அப்புறம் திறந்தாரு. உடனேதாங்க திறந்தாரு.

பாப்பாவுக்கு இந்த முழங்கை ஒடிஞ்சுபோச்சு. போன மாசம்தான் கட்டு பிரிச்சாங்க. நல்லா ஆயிடும்னுட்டாங்க. இப்ப முழுசா நீட்டினா கொஞ்சம் கோணலா நிக்குது, வளர்ற வயசுல சரியாயிடுமாம். எங்கப்பா, அண்ணன்கிட்ட எல்லாம் ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டான்னு சொல்லியிருக்கேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. அவரு சொல்லச் சொல்லல. என் வாயில அதுதான் வந்துச்சு.

அந்தப் பின் டயரு தப்பிச்சுக்கிச்சு பாருங்க. மைல்கல்லுல உரசி ஓரத்துல ஒரு காயம், தோசை கருகின மாதிரி வட்டமா. மத்தபடி காத்து எறங்கல, ஒண்ணும் இல்ல. கெட்டியான டயருன்னு அவரே சொன்னாரு.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த வாந்தி. கார்கிட்ட போய் கதவைத் திறந்தாலே வயித்தைப் பொரட்டும். வாந்தி வருதுங்கன்னு சொன்னேன். அடேயப்பா, அந்த மனுசன் அதுக்கு என்னவெல்லாம் பண்ணினாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. மாத்திரை வாங்கிக் குடுத்தாரு. கார்ல வெச்சிருந்த சென்ட் பாட்டிலைத் தூக்கிப் போட்டாரு. சீட்டு உறையைப் பிரிச்சு துவைச்சுப் போட்டாரு. எலுமிச்சம்பழம் வாங்கித் தொங்கவிட்டாரு. புளிப்பு மிட்டாய் டப்பாவே வாங்கி வெச்சிருக்காரு. எந்தப் புருசன் பொண்டாட்டி வாந்திக்கு இவ்வளவு பாப்பாங்க, சொல்லுங்க? எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா வாந்தி நிக்கல.

போன வாரம்தான் வந்து, “பிருந்தா, புது டயரு ரெண்டு போட்டாச்சு. இனி பயமே இல்ல, தைரியமா ஏறு அம்மிணி”ன்னாரு. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லை எறக்கி வெச்சாப்ல இருந்துச்சு. பயம்னு நான் சொல்லவே இல்லையே, அவரே புரிஞ்சுக்கிட்டாருன்னு. எங்க போட்டீங்கன்னு கேக்கல. அதைக் கேட்டா நம்பாத மாதிரி ஆயிடாதா? வேற எங்க போடுவாரு? பாப்பா கையைத் தெனமும் பாக்கறவரு.

தூறல் விழுது. ஜன்னலை மூட வேண்டாங்கக்கா, பரவால்ல. என்ன பஸ் நின்னுபோச்சு? ரோடு வேலையா? இதைத் தாண்டினா ஒத்தக்கால்மண்டபம்தானே? சரி சரி. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. சீருத் தட்டு இருக்கு, அது நசுங்கிடக் கூடாது. பாப்பா, செருப்பைப் போட்டுக்க கண்ணு. அப்பா கார்ல போலாம்.

இதோ நம்ம பக்கத்துலயே வந்துட்டாரு பாருங்க, வலதுபக்க வரிசையில. அக்கா, எட்டிப் பாருங்க. முன்சீட்டு இருக்குது. சீட்டை மாட்டிட்டாருங்க. காலைல ஹால்ல காணமேன்னு பாத்தேன், எனக்குன்னு மாட்டியிருக்காரு. முன்னாடி உக்காந்தா வாந்தி வராதுன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. பாத்தீங்களா அவரு மனசை. உங்ககிட்ட ஏதேதோ பொலம்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.

டயருகூட பளபளன்னு கறுப்பா இருக்குதுங்க. அதோ, முன் டயர்ல முடி மாதிரி நீட்டிட்டு இருக்குதே, புதுசுல அப்படித்தான் ரப்பர் முடி இருக்கும், ஓட ஓட உதிர்ந்துடும். முன்னாடியும் புதுசு. அப்ப நாலுமே போட்டுட்டாரா?

கொஞ்சம் முன்னாடி நகர்றாரு. இருங்க.

இல்ல. ஒண்ணும் இல்லைங்கக்கா.

பின்னாடி டயர்ல அந்தக் காயம் இருக்குதுங்க. வட்டமா. அந்த டயருதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை போட்டி இருக்குது. அது ஞாபகம் வந்திருக்கும். காது குத்து முடிஞ்சதும் மாத்திப் போடலாம்னு நெனச்சிருப்பாரு. முன்னாடி நான் உக்காந்துக்கலாம், பாப்பாவையும் மடியிலயே வெச்சுக்கலாம், பின்னாடி யாரும் உக்காராம இருந்தா ஒண்ணும் ஆகாதில்லைங்களா? காரு சுத்தினா முன்னாடியும் சேந்துதான் சுத்தும். ஆமா. சேந்துதான் சுத்தும்.

அவரு எறங்கறாரு. வண்டி எல்லாம் நிக்குதே, அதான் எறங்கி வர்றாரு. தலையில துண்டைப் போட்டுட்டு கையில டப்பாவோட, மிட்டாய் டப்பா. ஜன்னல்கிட்டதான் வர்றாரு. எனக்கு எல்லாரும் பாக்கறாங்கன்னு கூச்சமா இருக்குது.

என்னங்க. இல்லீங்க, வாந்தி வரல. மிட்டாய் வேண்டாம்ங்க. வேண்டாம்ங்கறேன். நான் இங்க எறங்கல. வாந்தி இல்லைங்க. வாந்தியே இல்லைங்க, அன்னையில இருந்தே இல்ல. டயருங்க.

டயருங்கறேன். பாப்பா பின்னாடி உக்காருவாளுங்க.

எந்த டயருன்னா கேக்கறீங்க?

பஸ் எடுத்துட்டாங்க. ஹாரனை அடிச்சுத் தொலைக்கறாங்க, கேட்டுச்சோ என்னமோ. நான் சத்தமாவாக்கா சொன்னேன்? பஸ்ஸே திரும்பிப் பாக்குது. நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்களேன், எனக்குப் பாக்க முடியல. புரிஞ்சுதா அவருக்கு? டயர்கிட்ட குனியறாரா?

குனிஞ்சுட்டாரா. கையை வெச்சுப் பாக்கறாரா.

விடுங்க, நானே பாக்கறேன்.

முன்னாடி டயரைப் பாக்கறாருங்கக்கா.

அண்ணா, இங்க, கிணத்துக்கடவுக்கு ஒரு டிக்கெட் குடுங்க.